காற்று பிரியும்வரை

ஓயாங் அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். வயிற்றில் அறுவை செய்துகொண்டு படுத்திருப்பவருக்குக் காற்று பிரிவதற்கு முன்னால் யாராவது தின்னக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. ஒருமுறை நாற்பது வயது ஆள் ஒருவர் தன் அப்பா வாயில் ஆரஞ்சுச் சுளை ஒன்றை வைத்துவிட்டார். வார்டுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"உங்கப்பா வயித்துல வழி இன்னும் திறக்கல. பூட்டின வீட்டுக்குள்ள மூட்டையத் தள்ளுறியா நீ?"

"ஒரே ஒரு சுளைதாங்க அக்கா. ஆசையாக் கேட்டாரு."

"ஆசைதான் ஆளைக் கொல்லும். துப்பச் சொல்லு."

அந்தக் கிழவர் சின்னப் பிள்ளை மாதிரி மகன் கையில் துப்பினார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்போது எங்கள் ஊர்ச் சீன வைத்திய மருத்துவமனையில் அறுவை வார்டில் நர்ஸ். அக்கா மருத்துவமனை ஊழியர் இல்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குடும்பங்கள் கூலிக்கு அமர்த்திக்கொள்ளும் பெண்களில் ஒருத்தி. ஐம்பத்தாறு வயது. குள்ளம். ஆற்றோரக் கிராமத்துக்காரி. கணவர் இல்லை, ஒரே மகள் ஹுய்ஜோவில் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். வயிற்று அறுவைக்கு வருகிற குடும்பம் எல்லாம் அவளைத்தான் கேட்கும். அவள் கைக்கு வேறு யாரும் ஈடு இல்லை என்று ஊரில் பேச்சு.

காரணம் அந்தச் சூட்டுப் பை. கல்லுப்பு ஒரு பங்கு, வூஜூயூ காய் ஒரு பங்கு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுத்துச் சுருங்கி இருக்கும் அந்தக் காய். நாக்கில் வைத்தால் கசப்பில் முகமே கோணிக்கொள்ளும். உப்போடு சேர்த்துச் சூடாக்கித் துணிப்பையில் கட்டித் தொப்புளைச் சுற்றி வைத்தால், வெட்டுப்பட்ட பயத்தில் அசையாமல் கிடக்கும் குடல் மெல்லப் புரண்டு எழும். டாக்டர் எழுதிக் கொடுப்பார், மருந்தறையிலிருந்து காய் வரும். நாங்கள் நர்ஸுகள் மைக்ரோவேவில் வைத்து எடுத்துவிடுவோம். அக்கா அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"உங்க பெட்டில வச்சா நடுவுல நெருப்பு, ஓரத்துல பனிக்கட்டி. மனுஷ வயிறா அது, இல்ல நேத்து மிஞ்சின சோறா?"

வார்டுக்குப் பக்கத்து அடுக்களையில் இரும்புச் சட்டியில் போட்டு, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே வறுப்பாள். காய் வெடிக்கும் சத்தம் கேட்கும். மிளகும் கற்பூரமும் கலந்ததுபோல ஒரு நெடி நடைவழி முழுக்கப் பரவும். பையில் கட்டியதும் தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்ப்பாள். அந்த இடத்துத் தோல் பழுப்பேறிப்போய் இருந்தது. பிறகு தையலைத் தொடாமல் தொப்புளைச் சுற்றி மெதுவாக நகர்த்துவாள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி.

விடிந்ததும் ஒவ்வொரு கட்டிலாக அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "காத்து பிரிஞ்சுதா?" பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் ஆனாலும், போன மாதம் கல்யாணம் ஆன பெண் ஆனாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிரிந்துவிட்டது என்றால் அடுத்த நிமிடம் வார்டுக்கே தெரிந்துவிடும். சொந்தக்காரர்கள் செல்போனை எடுத்து ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லுவார்கள். அப்புறம்தான் அக்கா கஞ்சித்தண்ணீரை மூன்று கரண்டி ஊட்டுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

லியாவ் ஷுய்ஷெங் எங்கள் வார்டுக்கு வந்தது இலையுதிர் காலத்தில், நிலாப் பண்டிகை முடிந்த வாரம். எழுபத்தொரு வயது. முப்பத்துநாலு வருடம் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். குடல் அடைப்பு என்று கொண்டுவந்தார்கள். டாக்டர் வென் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு நாற்பதே நிமிடத்தில் மூடித் தைத்துவிட்டார். உள்ளே எல்லா இடத்திலும் புற்று பரவியிருந்தது, எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

மாடிப்படிப் பக்கத்தில் வைத்து அவர் மகள் ஜுவானிடம் டாக்டர் சொன்னபோது நானும் இருந்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பிறகு குழாயில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய், "அப்பா, அடைப்பை எடுத்துட்டாங்க. இனிமே காத்து பிரிஞ்சாச் சாப்பிடலாம்" என்றாள். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படித்தான் எல்லாக் குடும்பமும் சொல்லும்.

ஜுவானுக்குச் சந்தையில் காய்கறிக் கடை. புருஷன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். காலையும் மாலையும் அவளால் வர முடியும், மற்ற நேரத்துக்கு ஓயாங் அக்காவை அமர்த்தினாள். உண்மையை அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டாள். அக்கா கேட்டுக்கொண்டு, "குடல் டாக்டரைக் கேட்டுகிட்டா அசையும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியை அடுப்பில் வைக்கப் போனாள். சூடு வலிக்கு இதமாக இருக்கும் என்று டாக்டர் வென்னும் பையை எழுதிக் கொடுத்திருந்தார்.

லியாவ் நல்ல வாய்க்காரர். மூக்கில் குழாய், கையில் ஊசி, அதற்கு நடுவிலும் பேச்சு நிற்காது.

"என்ன அண்ணே, காத்து பிரிஞ்சுதா?"

"எங்க தங்கச்சி. ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சு. பயணிங்களை இறங்கித் தள்ளச் சொல்லியிருக்கேன்."

"தள்ளுறாங்களா?"

"எல்லாம் எங்க ஊர்க்காரப் பயலுவ. பீடி புடிச்சுகிட்டு வேடிக்கை பாக்குறானுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க பெரியவரே, பிச்சுக்கப் போவுது" என்று கெஞ்சுவார்.

"முப்பத்துநாலு வருஷமா என் வண்டில எத்தனை பேரு சத்தமில்லாம விட்டிருப்பானுங்க. ஜன்னலைத் திறந்து வச்சுகிட்டே ஓட்டினேன். இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மேல இருக்குற பெரியவர் கை விரிக்கிறாரே."

அக்கா சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பையை நகர்த்துவாள். நாலாம் நாள் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காற்று பிரிந்தது. வார்டு முழுக்கக் கலகலப்பு. லியாவ்கூட அவரைக் கையைப் பிடித்து வாழ்த்தினார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் லியாவ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஐந்தாம் நாள் அவர் மகளிடம் ஒன்று கேட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் புளித்த அரிசியின் இனிப்புக் கஞ்சியைக் கொதிக்க வைத்து முட்டையை அடித்து ஊற்றித் தருவார்கள். விடியற்காலை முதல் வண்டியை எடுப்பதற்கு முன்னால் தினமும் அதில் ஒரு கிண்ணம் குடித்தவர் அவர். அதில் ஒரு வாய் வேண்டும் என்றார். ஜுவான் டாக்டரைக் கேட்டாள்.

"கொடுங்க. மூக்குல குழாய் இருக்கு, உள்ள போனது அது வழியா வெளிய வந்துடும். நாக்குக்கு ருசி தெரிஞ்சாப் போதும். இனிமே அவரு கேக்குறதைக் கொடுங்க" என்றார் டாக்டர் வென்.

ஆறாம் நாள் காலையில் ஜுவான் ஃபிளாஸ்க்கில் அதை வாங்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் இனிப்பு வாசனை வந்தது. லியாவ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். ஓயாங் அக்கா கட்டிலுக்கும் ஜுவானுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"காத்து பிரியல."

"டாக்டர் கொடுக்கலாம்னு சொன்னாருக்கா."

"காத்து பிரியாம எப்படிக் கொடுக்கச் சொல்லுவாரு? உங்கப்பா எந்திரிச்சு வீட்டுக்கு வர வேண்டாமா?"

ஜுவான் கட்டிலைப் பார்த்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் எது கொடுத்தாலும் ஒன்றுதான் என்று அவர் எதிரில் எப்படிச் சொல்லுவாள்? அவள் சொன்ன பொய்யே அவள் வாயைக் கட்டிவிட்டது. ஃபிளாஸ்க்கை மூடினாள். "அக்கா சொல்றது சரிதான்ப்பா. ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கை கழுவும் தொட்டியில் அதைக் கொட்டும்போது அவள் தோள் குலுங்கியதை நான் மருந்து வண்டியோடு நின்று பார்த்தேன்.

மத்தியானம் அடுக்களைக்குப் போய் அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? அவரு பிழைக்க மாட்டாரு. கேட்டதைக் கொடுத்துடுங்களேன்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவள் உப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "என் கை வராது பொண்ணே. நான் பக்கத்துல இருக்குறப்ப வேற கை கொடுக்குறதையும் என்னால பாக்க முடியாது."

"ஏன்க்கா?"

"இன்னிக்குச் சூடு நல்லா இறங்கும். நாளைக்குப் பாரு, பிரிஞ்சுடும்."

நான் கொடுத்திருக்கலாம். அவளைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நானே ஒரு கரண்டி கொடுத்திருக்கலாம். அன்று மூன்று பேர் புதிதாக அறுவை முடிந்து வந்தார்கள். வேலை முடிந்ததும் பார்க்கலாம் என்று நினைத்தேன். வேலை முடிந்தது, நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை பை வைக்கும்போது லியாவ் அவளிடம் பேசியிருக்கிறார். அதை அவள் எனக்குப் பிற்பாடு சொன்னாள்.

"தங்கச்சி, வண்டி இனிமே போகாது. பிரேக் எப்ப புடிக்கும், எப்ப புடிக்காதுன்னு தெரியாமலா அத்தனை வருஷம் மலைல ஓட்டினேன்?"

"சும்மா இருங்கண்ணே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஜுவான் கிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகிட்டு அது படுற பாடு எனக்குத் தாங்கல. அது நினைப்புலயே இருக்கட்டும். நீ எனக்கு அந்த ஒரு வாய் மட்டும் கொடுத்துடு."

"காலைல பாப்போம்ணே" என்றாளாம் அக்கா.

ஏழாம் நாள் நான் வேலைக்கு வந்தபோது அக்கா கட்டிலருகில் இல்லை. விடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போயிருந்தாள். தூக்குப் பாத்திரத்தை ஆறிப்போகாமல் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் லியாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. அவள் கரண்டியில் எடுத்து ஊதி, உதட்டில் வைத்தாள். முகவாய் வழியாக வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் வழிந்தது.

"அக்கா, விழுங்க மாட்டாரு. புரையேறிடும்" என்றேன்.

பஞ்சுக்குச்சி ஒன்று கேட்டாள். கஞ்சியில் தோய்த்து அவர் நாக்கில் மெதுவாகத் தடவினாள். "அண்ணே, இனிப்பு போதுமா?" என்று கேட்டாள். மூன்று நாலு தடவை கேட்டாள். ஜுவான் சந்தையிலிருந்து ஓடி வந்தபோது குச்சியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பகல் இரண்டரை மணிக்கு லியாவ் இறந்துபோனார்.

உடம்பைத் துடைத்து, ஜுவான் கொண்டுவந்த புதுச் சட்டையைப் போட்டுவிட்டது எல்லாம் அக்காதான். ஒரு பொத்தானைக்கூடத் தப்பாகப் போடவில்லை. எல்லாம் முடிந்து அவரை எடுத்துப்போன பிறகு அடுக்களைக்குள் போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் லெய் ஃபூகென் என்ற பெயரை அவள் வாயிலிருந்து முதல்முதலாகக் கேட்டேன்.

அவள் கணவர். ஆற்றில் மணல் படகில் வேலை. பதினேழு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் குடல் அடைப்பு, பக்கத்து ஊர்ச் சின்ன மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். காற்று பிரியும்வரை எதுவும் கொடுக்காதே என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் அவர் பசி தாங்காமல் அழுதிருக்கிறார். அவர் அழுது அவள் பார்த்தது இல்லை. ஆவியில் வேகவைத்த முட்டை அரைக்கிண்ணம் கொடுத்தாள். கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுச் சிரித்தாராம். ஐந்தாம் நாள் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. மறுநாள் போய்விட்டார்.

சாவு வீட்டில் அவர் தம்பி ஊரே கேட்க ஒரு வார்த்தை சொன்னான். "எங்க அண்ணனைக் கத்தி கொல்லல. இவ கரண்டி கொன்னுது."

"அது நெசம்தானே பொண்ணே" என்றாள் அக்கா. "நான் என்ன சொல்றதுக்கு இருக்கு? மக கல்யாணம் முடிஞ்சதும் இங்க வந்துட்டேன். இனிமே ஒருத்தரும் அப்படிப் போவக் கூடாதுன்னு பாத்துகிட்டேன்." அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்குக் கொடுத்தேன், தப்பாப் போச்சு. நேத்துக் கொடுக்கல, அதுவும் தப்பாப் போச்சு" என்றாள்.

நான் டாக்டர் வென்னிடம் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். வெட்டி ஒட்டின இடத்தில் தையல் விட்டுப்போகும், அது சிலருக்கு நடப்பதுதான், அரைக்கிண்ணம் முட்டையால் அது நடக்காது என்றார். "பெரிய ஆஸ்பத்திரிகள்ல இப்ப மறுநாளே கஞ்சித்தண்ணி கொடுக்கச் சொல்றாங்க."

"நீங்க எங்க வீட்டுக்காரரைப் பாக்கலையே டாக்டர்."

"பாக்கல."

"அப்புறம் எப்படி நிச்சயமாச் சொல்றீங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். "நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. அநேகமா இப்படித்தான் இருக்கும்."

அவள் தலையாட்டினாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு மனப்பாரம் இறங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. அன்று மாலை என்னிடம், "எங்க வீட்டுக்காரரு சாவுக்கு நான் காரணம் இல்லைன்னா, லியாவ் அண்ணனுக்கு எதுக்குக் கொடுக்காம இருந்தேன்?" என்று கேட்டாள்.

இறந்த ஏழாம் நாள் சடங்கு முடிந்து ஜுவான் ஒரு கூடைக் கீரையோடு அக்காவைப் பார்க்க வந்தாள். அவளுக்குக் கோபம் இருக்கும் என்று பயந்தேன். இல்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாது, இல்லக்கா? எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாள்.

"ஒண்ணும் தெரியாதும்மா. வீட்டுக்குப் போறதைப் பத்திதான் பேசிகிட்டு இருந்தாரு" என்றாள் அக்கா. ஜுவான் போன பிறகு கீரையைக் கழுவ ஆரம்பித்தவள், ஏற்கெனவே கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் அக்கா தன் கணவர் ஊருக்குப் போனாள். பதினேழு வருடமாக அவள் கல்லறைக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புவாள், அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. கொழுந்தன் லெய் ஃபூஷியாங் முற்றத்தில் எண்ணெய் ஆட்டுவதற்காகக் காயப்போட்ட தேயிலைக் காய்களை உடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அவள் தாளை எடுத்து நீட்டி, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். அவன் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"இதை எதுக்கு அண்ணி எனக்குக் காட்டுறீங்க?"

"நீ அன்னிக்குச் சொன்னியே, என் கரண்டிதான் கொன்னுதுன்னு."

"நானா?" அவன் நிஜமாகவே யோசித்தான். "அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி."

"ஊரே கேட்டுது."

"அப்படின்னாக் குடிச்சிருப்பேன். அண்ணன் போன துக்கம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுப் போங்க."

புகையில் உலர்த்திய பன்றிக்கறியை மிளகாய் போட்டு வதக்கி அவன் மனைவி சோறு போட்டாள். கிளம்பும்போது ஒரு புட்டி எண்ணெயும் கொடுத்தார்கள். அந்தப் புட்டியை அடுக்களை மேடையில் வைத்துவிட்டுத்தான் அக்கா இதையெல்லாம் எனக்குச் சொன்னாள்.

"அவனைத் திட்டலாம்னுதான் போனேன் பொண்ணே. ஞாபகமே இல்லாதவனை என்னன்னு திட்டுறது? ரெண்டு கிண்ணம் சோறு தின்னுட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு அவள் வயிற்று நோயாளிகளை ஏற்றுக்கொள்ளவில்லை. நாலாம் மாடியில் எலும்பு முறிவு வார்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வார்டில் குடும்பங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, நான் மேலே போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "இங்க எல்லாரும் வந்த அன்னிக்கே சாப்பிடுறாங்க. எனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டாள். ஐந்து வருடம் அங்கே இருந்தாள். பிறகு முதுகு வலி வந்து ஹுய்ஜோவுக்கு மகளிடம் போனாள்.

புத்தாண்டு வசந்த விழாவுக்குப் போன் செய்வாள். இந்த வருடம் பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. அங்கே மிளகாயில் காரமே இல்லை என்றாள், என் பையன் எந்த வகுப்பு என்று கேட்டாள். அந்த ஆறாம் நாள் மாலை நான் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போனதைப் பற்றி அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். இந்த வருடமும் சொல்லவில்லை.